சாபமும் சம்பளமும்

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரயில்வேக் கணக்கு இலாகாவில் 33 வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலத்தில் பாதியைக் கல்கத்தாவில் கழித்ததனால் அவருக்குக் கால்பந்துப் பித்து ஏறிவிட்டது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகிற நாட்களில், கொட்டுகிற மழையில், கையில் குடை இருந்தும் விரிக்காமல் நனைந்துகொண்டே பார்த்தவர். விரித்தால் பின்னால் நிற்கிறவன் அடிக்க வருவான் என்று காரணமும் சொல்லுவார். எங்கள் தெருவில் கிரிக்கெட் பேச வீட்டுக்கு இரண்டு பேர் உண்டு. கால்பந்து பேச ஆளில்லை. ஆகவே சாயங்கால வேளைகளில் அவர் கையில் அகப்பட்டவன் நான்.

ரசிகன் என்பவன் பெரும்பாலும் ஆட்டக்காரனைத்தான் கொண்டாடுவான். என் நண்பர் கொண்டாடுவது ஒரு பயிற்சியாளரை. கச்சேரிக்குப் போய்ப் பாடகரை விட்டுவிட்டு அவருக்குப் பாடம் சொன்ன வாத்தியாரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் சிலரைப் பார்த்திருப்பீர்கள், அந்த ரகம். அவருடைய ஆராதனைக்கு உரியவரின் பெயர் பேலா குட்மன். ஹங்கேரி தேசத்து யூதர். நடன ஆசிரியர்களின் மகனாக 1899-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1981-ல் வியன்னாவில் காலமானவர். நண்பர் அவரை நேரில் பார்த்ததில்லை. குட்மனின் புகழ் உச்சத்தில் இருந்தபோது நண்பர் அரை நிக்கர் போட்ட பையன். பக்திக்கு அதெல்லாம் தடையா என்ன?

பக்திக்கு அடையாளமாக நீளமான ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். இடது பக்கத்தில் ஊர், நடுவில் கிளப்பின் பெயர், வலது ஓரத்தில் சிவப்பு மசியால் குட்மன் அதைவிட்டு விலகிய வருஷமும் விலகிய காரணமும். வியன்னா, ஹாலந்தில் என்ஷெடே, புடாபெஸ்ட், புக்காரெஸ்ட், பதுவா, திரியெஸ்தே, அர்ஜென்டினா, சைப்ரஸ், மிலான், பிரேஸிலில் சாவோ பாவுலோ, போர்ச்சுகலில் போர்ட்டோ, லிஸ்பன், உருகுவே, ஸ்விட்ஸர்லாந்து, கிரீஸ்... படித்தால் கப்பல் கம்பெனியின் கால அட்டவணை மாதிரி இருக்கிறது. ஒரே இடத்தில் மூன்றாவது வருஷம் தங்குவது பயிற்சியாளருக்கு ஆபத்து என்பது குட்மனுடைய கொள்கையாம். அந்தக் கொள்கையை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் தகராறு. அதில் ஒரு சாபம் எழுதியிருக்கிறது.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிஸ்பன் நகரத்தில் பென்ஃபிகா என்று ஒரு கிளப். 1959-ல் குட்மன் அதன் பயிற்சியாளரானார். 1960-லும் 1961-லும் போர்ச்சுகலின் லீக் பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை 1956-ல் இருந்து ஐந்து வருஷமும் ரியல் மாட்ரிட் வீட்டு அலமாரியை விட்டு நகராமல் இருந்தது. 1961-ல் பெர்ன் நகரத்தில் பார்ஸிலோனாவை 3-2 என்று வென்று பென்ஃபிகா அதைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த வருஷம் ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிடையே 5-3 என்று வென்று மறுபடியும் எடுத்துக்கொண்டது. இந்த வெற்றிக்குப் பிறகு குட்மன் அதிகப் பணம் கேட்டார். நிர்வாகிகள் மறுத்தார்கள். அவர் விலகினார். விலகும்போது, இன்னும் நூறு வருஷத்துக்குப் பென்ஃபிகாவுக்கு ஐரோப்பியப் பட்டம் கிடையாது என்று சபித்துவிட்டுப் போனார் என்பது கதை.

"1963, 65, 68, 83, 88, 90, 2013, 2014. எட்டு ஐரோப்பிய இறுதி ஆட்டம். எட்டும் தோல்வி! 1990-ல் வியன்னாவிலேயே இறுதி ஆட்டம். யூஸேபியோ குட்மனுடைய கல்லறைக்குப் போய்ப் பிரார்த்தனை பண்ணினார். அப்படியும் மிலானிடம் 1-0. என்ன ஓய் சொல்கிறீர்? நீர் கதை எழுதுகிறவர். இதைவிட நல்ல கதை உமக்கு அகப்படுமா?"

"இது நல்ல கதை இல்லை, காணும்" என்றேன்.

அன்றைக்கு அவர் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். நான் சொன்னதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சாபம் நமக்குப் புதிதல்ல. துர்வாசரை அறியாத தமிழன் உண்டா? ஆனால் நம் புராணக்காரர்கள் சாபத்தை வெறும் மந்திரக்கோலாகப் பயன்படுத்தவில்லை. சபித்தவனுக்குத் தவம் குறையும். சபிக்கப்பட்டவனுக்கு விமோசனத்துக்கு ஒரு வழி இருக்கும். இரண்டு பேருடைய குணமும் அதில் வெளிப்படும். கண்ணகி மதுரையை எரித்ததும் அவளுக்கு நேர்ந்த அநியாயத்தின் அளவு நமக்குத் தெரிந்த பிறகுதான். லிஸ்பன் சாபத்தில் இவை ஒன்றும் இல்லை. எட்டுத் தோல்விகளை ஒரே நூலில் கோர்த்து அதன் நுனியை ஒரு கிழவர் கையில் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. இப்படி அவர் சொன்னதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் உறுதியாக இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். சான்று இருந்தாலும் என் அபிப்பிராயம் மாறாது. கோபத்தில் ஒரு மனிதன் ஆயிரம் சொல்லுவான்.

முதலில், இந்தக் கதை ஆட்டக்காரர்களுக்கு அநியாயம் செய்கிறது. 1963-ல் பென்ஃபிகாவின் நடு ஆட்டத்தைத் தாங்கிய கொலுனா அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்தார். 1965-ல் இன்டர் மிலானோடு ஆடும்போது கோல் காப்பவர் காயப்பட்டு வெளியேற, பின்னணி ஆட்டக்காரரான ஜெர்மானோ கோல் காக்க நின்றார். மாற்று ஆளை இறக்கும் வழக்கம் அப்போது இல்லை. 1968-ல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றது கூடுதல் நேரத்தில். 1988-லும் 2014-லும் பெனால்டி உதைகளில். கால் நோவும் களைப்பும் ஒரு விநாடித் தடுமாற்றமும் சேர்ந்த தோல்விகள் இவை. இவ்வளவையும் கிழவர் ஒருவரின் வாக்கு என்று முடித்துவிட்டால், அந்த மைதானங்களில் ஓடிய மனிதர்கள் எதற்காக ஓடினார்கள்?

இரண்டாவது, இது குட்மனுக்கே அநியாயம். மந்திரவாதி என்று சொன்ன மாத்திரத்தில் அவருடைய தொழில் மறைந்துபோகிறது. அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதற்கு 1962 இறுதி ஆட்டமே போதும். முதல் பாதி முடிந்தபோது ரியல் மாட்ரிட் 3, பென்ஃபிகா 2. மூன்று கோலையும் போட்டவர் புஷ்காஷ். அவருக்குப் பந்து எங்கிருந்து வருகிறது என்று குட்மன் பார்த்தார். டி ஸ்டெஃபானோவிடமிருந்து வருகிறது. இடைவேளையில் கவேம் என்ற ஆட்டக்காரரை டி ஸ்டெஃபானோவின் நிழலாக ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஊற்றை அடைத்தால் வாய்க்கால் வறளும் என்ற எளிய கணக்கு. இரண்டாம் பாதியில் மாட்ரிடுக்குக் கோலே கிடையாது. கொலுனா ஒன்று போட்டார். 20 வயது யூஸேபியோ இரண்டு போட்டார். மொஸாம்பிக்கில் இருந்த அந்தப் பையனைப் பற்றிக் குட்மன் கேள்விப்பட்டது லிஸ்பனில் ஒரு முடிதிருத்தும் கடையில், பிரேஸிலில் தம்மிடம் ஆடிய பழைய சிஷ்யர் ஒருவரிடமிருந்து, என்று சொல்லுவார்கள். ஊர் ஊராகத் திரிந்ததனால் கிடைத்த லாபம் இது. போன இடமெல்லாம் அவருக்குப் பழக்கமான ஒரு மனிதர் மிச்சமிருந்தார்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ஐரோப்பாவில் பழைய நாடோடிக் கதை ஒன்று உண்டு. சிலுவை சுமந்து போன இயேசுவை ஏளனம் செய்த யூதன் ஒருவன், உலகம் முடியும்வரை சாவுமில்லாமல் வீடுமில்லாமல் அலையும்படி தண்டிக்கப்பட்டான் என்பது கதை. நம் அசுவத்தாமாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அசுவத்தாமாவைக் காட்டி நாம் யாருடைய வீட்டையும் கொளுத்தவில்லை. அங்கே அந்த நாடோடி யூதனுடைய பெயரால் என்னென்னவோ நடந்தது. 1940-ல் நாஜிகள் அந்தப் பெயரை வைத்தே ஒரு பிரசாரப் படம் எடுத்தார்கள். இப்போது நண்பருடைய நோட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு யூதர். ஊர் ஊராக அலைகிறார். எங்கும் பணம் பணம் என்கிறார். கொடுக்காவிட்டால் சபிக்கிறார். நண்பர் மனத்தில் கபடு கிடையாது. குட்மன் பேரில் அவருக்கு உயிர். ஆனாலும் பிரியத்தோடு சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒரு மனிதனை அவனுடைய விரோதிகள் வரைந்து வைத்த படத்துக்குள் உட்கார்த்திவிடலாம். இது வாசகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும்கூட நேருகிற தவறு.

பணத்தை எடுத்துக்கொள்வோம். 1946-ல் குட்மன் புக்காரெஸ்டில் வேலை ஒப்புக்கொண்டபோது சம்பளத்தைக் காய்கறியாகக் கொடுங்கள் என்று கேட்டார். யுத்தம் முடிந்து எங்கும் உணவுப் பஞ்சம், நோட்டுக்கு மதிப்பில்லை. இதைப் பேராசை என்பீர்களா? 1955-ல் மிலான் கிளப் லீக் பட்டியலின் உச்சியில் இருக்கும்போதே அவரை நீக்கிவிட்டது. அதற்குப் பிறகு, அணி முதலிடத்தில் இருக்கும்போது என்னை நீக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கத் தொடங்கினாராம். சிரிப்பு வருகிறது. எனக்கு அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு தொழிலாளியின் முகம் தெரிகிறது. கலையில் ஈடுபட்டவன் கூலியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது உலகத்தின் எண்ணம். கதை கேட்டு வருகிற கடிதத்தில் 'தங்கள் அமர கிருதி' என்று எழுதுகிறவர்கள், சன்மானம் என்ற வார்த்தையை மட்டும் எழுத மறந்துவிடுவார்கள். இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்தவர் கூடுதலாகக் கேட்டது குற்றமென்று எனக்குத் தோன்றவில்லை.

அலைச்சலையும் எடுத்துக்கொள்வோம். அவர் ஆட்டக்காரராக இருந்த ஹகோவா என்பது வியன்னாவின் யூத கிளப். 1925-ல் ஆஸ்திரியாவின் லீக் பட்டம் வென்றது. பின்பு அவரே அதற்குப் பயிற்சியாளரானார். 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் அந்தக் கிளப்பையே இல்லாமல் செய்துவிட்டார்கள். அவர் புடாபெஸ்டுக்கு வந்து ஊய்பெஷ்ட் கிளப்புக்கு 1939-ல் ஹங்கேரி லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஐந்து வருஷம் கழித்து அதே ஊய்பெஷ்டில் ஒரு வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தார். பிறகு கட்டாய உழைப்பு முகாமில் அடைபட்டார். 1944-ன் கடைசியில், எர்னோ எர்ப்ஸ்டைன் முதலான சிலரோடு அங்கிருந்து தப்பினார். அந்த எர்ப்ஸ்டைன்தான் பின்னால் இத்தாலியில் டொரினோ அணியை வளர்த்து, 1949 விமான விபத்தில் அந்த அணியோடு மாண்டவர். குட்மனுடைய தகப்பனாரும் சகோதரியும் உறவினர் பலரும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள்.

குட்மன் வாயாடி. தம்மைப் பற்றிக் கதை சொல்வதில் பிரியமுள்ளவர். 1924 ஒலிம்பிக் பந்தயத்தில் அதிகாரிகளின் அறைக் கதவில் செத்த எலிகளைக் கட்டித் தொங்கவிட்டதுவரை எல்லாம் ஊருக்குத் தெரியும். இந்தப் பரணைப் பற்றி மட்டும் அவர் பேசியதில்லை என்றே சொல்லலாம். யுத்தகாலத்தை அவர் ஸ்விட்ஸர்லாந்தில் சௌக்கியமாகக் கழித்ததாகவே வெகுநாள் பலர் எண்ணியிருந்தார்கள். ஒரு நாவலாசிரியனைக் கேட்டால், இந்த மனிதருடைய ரகசியம் லிஸ்பனில் சொன்னதாகச் சொல்லப்படும் வார்த்தையில் இல்லை, சொல்லாமல் விட்ட இந்த வார்த்தைகளில் இருக்கிறது என்பேன்.

அவரிடம் குறையே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. கர்வம் ஒரு பிடி கூடுதல். 1948-ல் கிஷ்பெஸ்ட் கிளப்பில் ஒரு நாள், முரட்டுத்தனமாக ஆடிய பின்னணி ஆட்டக்காரர் ஒருவரை இரண்டாம் பாதியில் ஆடாதே என்றார். போனால் பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும். 21 வயது அணித்தலைவர் அந்த ஆட்டக்காரரைப் பார்த்து, நீ இரு என்றார். அவர் இருந்தார். குட்மன் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்து குதிரைப் பந்தயப் பத்திரிகை படித்துவிட்டு வீட்டுக்குப் போனார்; திரும்பி வரவில்லை. ஓர் அணியைப் பாதி ஆட்டத்தில் கைவிடுவது எந்தப் பயிற்சியாளருக்கும் அழகல்ல. அந்த அணித்தலைவர் வேறு யாருமல்ல, 1962-ல் எதிரணியில் நின்று மூன்று கோல் போட்ட அதே புஷ்காஷ்.

இதை நண்பர் 'பழி தீர்த்தார்' என்று எழுதி வைத்திருக்கிறார். அதுவும் தவறு. நடுவே 1956-ல் ஹங்கேரியில் புரட்சி மூண்டு நசுக்கப்பட்டபோது, வெளிநாட்டில் இருந்த ஹொன்வேட் அணி ஊர் திரும்பத் தயங்கித் தென்னமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போயிற்று. கிஷ்பெஸ்டுக்கே பின்னாளில் வந்த பெயர்தான் ஹொன்வேட். புஷ்காஷ் அதில் இருந்தார். அந்தப் பயணத்தில் அவர்களை நடத்தியவர் குட்மன். சண்டை போட்ட இருவர் சேர்ந்து உலகத்தின் மறு கோடிக்குப் போனார்கள். குட்மன் அங்கேயே தங்கி, 1957-ல் சாவோ பாவுலோ கிளப்புக்கு மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். மறுவருஷம் உலகக் கோப்பை வென்ற பிரேஸில் அணியின் ஆட்டமுறைக்கு உரிமை கொண்டாடப் பலர் உண்டு. குட்மனுக்கும் அதில் ஒரு பங்கு சொல்லுவார்கள்.

இந்த இடத்தில்தான் நோட்டில் ஒரு பத்தி குறைகிறது என்பது எனக்குப் புலப்பட்டது. சில நாள் கழித்து நண்பர் கோபம் தணிந்து வந்தபோது கேட்டேன்:

"போன கணக்கை எல்லாம் சிவப்பு மசியில் எழுதியிருக்கிறீர். திரும்பி வந்த கணக்கு எங்கே?"

"என்ன கணக்கு?"

"ஹகோவாவை விட்டு ஹாலந்துக்குப் போனவர் 1937-ல் ஹகோவாவுக்கே திரும்பினார். ஊய்பெஷ்டுக்கு 1947-ல் திரும்பி வந்து மறுபடியும் பட்டம் வாங்கினார். போர்ட்டோவுக்கு 1959-ல் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த வருஷமே எதிராளியான பென்ஃபிகாவுக்குப் போனார். 1973-ல் போர்ட்டோவுக்கே திரும்பினார். எல்லாவற்றுக்கும் மேல், 1965-ல் யாரிடம் திரும்பினார்? பென்ஃபிகாவிடம்! நூறு வருஷத்துக்குச் சபித்தவர் மூன்றே வருஷத்தில் அந்த வீட்டுக்கே வேலைக்கு வருவாரா, காணும்?"

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் சொன்ன பதில் என்னைத் திகைக்க வைத்தது.

"வந்தார், ஓய். வந்து என்ன ஆச்சு? லீக் பட்டம் ஸ்போர்ட்டிங்குக்குப் போச்சு. ஐரோப்பியக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட் லிஸ்பனுக்கே வந்து 5-1 என்று நொறுக்கிவிட்டுப் போனான். போட்ட சாபம் போட்டவர் தலையிலேயே விழுந்ததா இல்லையா?"

ரசிகனை வாதத்தில் ஜயிப்பது கடினம். ஆனால் தம்மை அறியாமலே நண்பர் எனக்கு ஒரு நல்ல கதையைக் கொடுத்துவிட்டார். பெருமை பெற்ற வீட்டுக்கு வயது 66-ல் ஒரு மனிதர் திரும்பி வருகிறார். கதவு திறக்கிறது, பழைய நாட்கள் திரும்பவில்லை. மூன்றாவது வருஷம் ஆபத்து என்று சொன்னவருக்கு, திரும்பி வருகிற முதல் வருஷமே ஆபத்தாகிவிட்டது. இதில் மந்திரம் இல்லை. ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்த எவருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. கடைசியில் அவர் உயிர் பிரிந்ததும், ஹகோவாவை அழித்த அதே வியன்னாவில்தான். போக இடமில்லாமல் அலைந்தவர் என்பதைவிட, போன இடங்களை மறக்க முடியாதவர் என்பதே அவருக்குப் பொருத்தமான வர்ணனை என்று எனக்குப் படுகிறது.

2014-ல் பென்ஃபிகா கிளப் தன் மைதானத்தில் குட்மனுக்குச் சிலை வைத்தது. இரண்டு கைகளிலும் இரண்டு கோப்பைகள். சாபத்துக்குப் பரிகாரம் என்று பலர் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் மே மாதமே செவில்லாவிடம் பெனால்டியில் தோற்றதும், பரிகாரம் பலிக்கவில்லை என்றார்கள். அந்தச் சிலையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பரிகாரமாக எனக்குத் தோன்றவில்லை. 1962-ல் கொடுக்காமல் வைத்திருந்த சம்பளத்தின் ஒரு பகுதியைக் காலம் தாழ்த்தி, வெண்கலமாகக் கொடுத்த மாதிரி தோன்றியது.

நண்பர் நேற்று வந்திருந்தார். நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறார். திரும்பிய வருஷங்கள் நீல மசியில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்துச் சாபத்தை அடித்திருப்பார் என்று ஆசையோடு புரட்டினேன். அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.